நான் சொல்லாமல் விட்ட வாக்கியம்

அந்த அம்மாவை நான் முதலில் பார்த்தது வார்டு ஆபீஸ் வரிசையில். என் மகனின் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதைத் திருத்தப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் ஆங்கிலத்தில் அடித்த காகிதம் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். கவுன்ட்டரில் இருந்தவர் மராத்தியில் ஏதோ சொன்னார். இவர் தாராவி இந்தியில் பதில் சொல்லத் தொடங்கினார். பாதி வழியில் அது திருநெல்வேலித் தமிழாகி, "என்னத்தையோ அடிச்சுக் குடுத்துட்டு, இப்ப எனக்குத் தெரியாதுன்னா நான் யாருகிட்ட போயி கேக்க?" என்று முடிந்தது.

நான் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்துச் சொன்னேன். டிரான்ஸிட் கேம்ப் என்கிற தற்காலிகக் குடியிருப்பில் இருப்பவர்கள் தங்கள் பழைய வீட்டுக்கான சான்றை மறுபடியும் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று அதில் இருந்தது.

"இம்புட்டுத்தானா? இதுக்கா மூணு நாளா அலைய விட்டான்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

எனக்கு ஊர் என்று ஒன்று இல்லை. பிறந்தது மாதுங்கா, வேலை கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி, வீடு செம்பூர். என்னை அண்ணாச்சி என்று அழைத்த முதல் ஆள் அவர்தான்.

அவருடைய வீடு தாராவியில் ஒரு சந்தில் இருந்தது. அந்தச் சந்தை ஒரு கட்டுமானக் கம்பெனி எடுத்துக்கொண்டு, மூன்று வருடத்தில் புதுக் கட்டடத்தில் வீடு தருவதாகச் சொல்லி எல்லோரையும் செம்பூருக்கு அந்தப் பக்கம், ரிஃபைனரி வாசனை அடிக்கும் ஒரு டிரான்ஸிட் கேம்ப்புக்கு அனுப்பியது. நான் அவரைச் சந்தித்தபோது ஏழு வருடம் ஆகியிருந்தது. கணவர் அந்தக் கேம்ப்பிலேயே இறந்துபோனார். இவர் தினமும் பஸ் பிடித்துத் தாராவிக்குப் போய், ஒரு பட்டறையில் தோல் பைகளுக்கு உள்துணி தைத்தார். கேம்ப்பில் தண்ணீர் நின்றாலும் லிஃப்ட் நின்றாலும் பெண்களைத் திரட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் போவதும் இவர்தான். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் ஒரு கடிதத்தை ஒருமுறை படித்துச் சொன்னால் போதும். அடுத்த வாரம் கேம்ப் கூட்டத்தில் அதை ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வார்.

அன்றிலிருந்து கடிதம் வந்தால் எனக்கு போன் வரும். செம்பூர் ஸ்டேஷன் வாசலில் நின்று நான் படிப்பேன், அவர் கேட்டுக்கொள்வார். இப்படி நாலு வருடம் போயிற்று. மனதில் ஒரு ஓரத்தில் இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. கதை எழுதுகிறவன், கஷ்டப்படுகிறவர்களுடன் நிற்கிறவன் என்ற பெருமை.

கதை எழுதுகிறவன் என்று சொன்னேன். இருபத்தைந்து வருடமாகத் தமிழில் எழுதுகிறேன். இரண்டு தொகுப்புகள். இந்த ஊரில் அவற்றைப் படித்தவர்களை ஒரு லோக்கல் ரயில் பெட்டியில் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிடலாம். என் மகனுக்கே தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். அதனால், மாதுங்காவில் நடக்கவிருந்த ஓர் இலக்கிய விழாவுக்கு என்னை அழைத்தபோது நான் பட்ட சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. அது ஆங்கிலத்தில் நடக்கும் விழா. அந்த வருடத்துப் பொருள் 'மக்களும் அதிகாரமும்'. விழாவை நடத்திய பெண்மணி ஆபீஸுக்கே வந்து என்னைப் பார்த்தார். எழுத்தாளர்கள் மட்டும் பேசினால் போதாது, அதிகாரத்தைத் தினமும் நேரில் சந்திக்கிற ஒருவரும் மேடையில் இருக்கவேண்டும், உங்களுக்கு யாரையாவது தெரியுமா என்று கேட்டார். கூடவே, என் கதைகளை ஆங்கிலத்தில் போட விரும்பும் ஒரு பதிப்பாசிரியரும் விழாவுக்கு வருகிறார் என்றார்.

நான் அந்த அம்மாவின் பேரைச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கேம்ப்புக்குப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நான் என்னத்த பேச?" என்றார்.

"உங்க வீட்டைப் பத்தித்தான். இங்க சொல்றதையே அங்க வந்து சொல்லுங்க."

"அங்கன எல்லாரும் இங்கிலீஷ்லா பேசுவாவ?"

"நீங்க தமிழ்லயே பேசுங்க. நான் பக்கத்துல உக்காந்து இங்கிலீஷ்ல சொல்லிடறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப சரி. நீங்க சொன்னா நான் சொன்னாப்லதான்" என்றார். அவருடைய மகள் அப்போது அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிற பெண். அம்மாவிடம் தமிழில் ஒரு வாக்கியம் தொடங்கினால் இந்தியில்தான் முடிப்பாள்.

விழா ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. மைதானத்தில் ஷாமியானா, புத்தகக் கடைகள், ஃபில்டர் காபிக்கு ஒரு நீள வரிசை. அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அவர் கருநீலத்தில் பட்டுச்சேலை உடுத்தியிருந்தார். பேச வந்தவர்கள், கேட்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். உள்ளே ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில். அவர் பையை உடனே உள்பக்கமாகத் திருப்பித் தையலைப் பார்த்தார். "ஓரம் மடிக்காம அடிச்சிருக்கான். ரெண்டு மாசம் தாங்காது" என்றார். பிறகு அதை நேராகத் திருப்பினார். வெளிப்பக்கத்தில் அச்சாகியிருந்த ஒரு பச்சை இலைச் சின்னத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தச் சின்னம் தெரியும். அவருக்கு வந்த கடிதங்களின் தலைப்பில் நாலு வருடமாக அதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டுமானக் கம்பெனிதான் விழாவுக்கு பண உதவி செய்த நிறுவனங்களில் ஒன்று என்பது அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அவருக்கு எழுத்து தெரியாதே, சின்னத்தை எங்கே கண்டுகொள்ளப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இப்படி நினைத்ததையும் சொல்லிவிடவேண்டும்.

மேடையில் நாங்கள் நாலு பேர். முதலில் ஒரு பேராசிரியர் பேசினார். பிறகு நான் பேசினேன். அதன்பின் இவர். மைக்கைப் பார்த்து ஒரு நொடி தயங்கினார், அவ்வளவுதான். தான் குடியிருந்த சந்து பற்றிச் சொன்னார். வீடு இடிபட்ட அன்று சோறு வடித்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். பானையோடு தெருவில் நின்றதைச் சொன்னார். அவர் நிறுத்தும் இடங்களில் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அரங்கம் அசையாமல் கேட்டது. நானும் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர் மடியிலிருந்த பையை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா இந்த எல தெரியும். எங்க சந்து முக்குல பதினோரு வருசமா நிக்கி ஒரு போர்டு, அதுல இதே எலதான். எங்க வீட்ட இடிச்சவன் இந்தப் பைய எனக்கு இன்னைக்கி இனாமாக் குடுத்திருக்கான். அதிகாரத்தப் பத்திப் பேசச் சொன்னிய. இந்தா, எங்கையில இருக்கு அதிகாரம். நீங்க எல்லாரும் தோள்ல மாட்டிக்கிட்டு இருக்கிய. அவன்கிட்ட நீங்களாவது ஒரு வார்த்தை கேளுங்க, எங்க வீடு எங்கன்னு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என் முறை.

முதல் வரிசையில் விழா நடத்திய பெண்மணி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் கோட் போட்ட ஒருவர். அவர் கம்பெனி ஆள் என்று மேடையேறும் முன் எனக்கும் அந்த அம்மாவுக்கும் அறிமுகப்படுத்தியிருந்தார்கள். இரண்டாம் வரிசையில் அந்தப் பதிப்பாசிரியர். யாரும் என்னிடம் எதையும் விடச் சொல்லவில்லை, எதையும் மாற்றச் சொல்லவில்லை. யாரும் முறைக்கக்கூட இல்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அரங்கில் வேறு யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அந்த அம்மா என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள ஆவலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: "இவர் பை தைத்துப் பிழைப்பவர். எந்தப் பையைப் பார்த்தாலும் அதில் தன்னைப் போன்ற ஒரு பெண்ணின் உழைப்பு தெரிகிறது என்கிறார். நீங்கள் தோளில் மாட்டியிருக்கும் பையிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கும் ஒரு வீடு வேண்டும் என்று நினைத்துப்பாருங்கள் என்கிறார்."

முன்கூட்டி யோசித்து வைத்ததில்லை. வாயில் அப்படியே வந்தது. இருபத்தைந்து வருடம் எழுதிப் பழகிய வாய். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கோட் போட்டவரும் தட்டினார். அந்த அம்மா முதலில் அவரைத்தான் பார்த்தார். அவர் கைதட்டுவதைப் பார்த்ததும் இவர் முகத்தில் ஒரு திகைப்பு வந்தது, பிறகு சிரிப்பு. கையெடுத்துக் கும்பிட்டார். என் பக்கம் குனிந்து, "ரோசம் இருக்கு அண்ணாச்சி இவியளுக்கு. கேட்டுட்டு எந்திரிச்சே நிக்காவ" என்றார். அவர் கண்ணில் நீர் இருந்தது.

இறங்கியதும் பதிப்பாசிரியர் வந்து கையைக் குலுக்கினார். பை பற்றிய அந்த இடம் தன்னை உலுக்கிவிட்டது, உங்கள் மொழிபெயர்ப்பும் அழகு என்றார். நான் நன்றி சொன்னேன். காபி வரிசையில் நின்றபோது மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அங்கிள், மம்மி அந்த மாதிரி சொல்லவே இல்ல."

நான் காபிக்குச் சில்லறை எண்ணினேன்.

"ஜூட் க்யூ போலா ஆப்னே?" என்றாள். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கிறாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது.

"உங்கம்மாவுக்கு ஏதாவது பிரச்னை வந்துடக்கூடாதுன்னுதான்மா. அந்த ஆள் அங்கயே உக்காந்திருந்தான்."

"மம்மி அவனுக்குத்தானே சொன்னாங்க?"

தூரத்தில் அந்த அம்மா ஒரு கல்லூரிப் பெண்ணுடன் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். மகள் அந்தப் பக்கம் பார்த்தாள். "நான் சொல்ல மாட்டேன். எவ்ளோ குஷியா இருக்காங்க பாருங்க. நீங்க சொல்லுங்க" என்றாள். அவர்களுக்காக வாங்கிய காபியை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் சொல்லவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. அந்த அம்மா கேம்ப் முழுக்கச் சொல்லியிருந்தார்: பில்டர் ஆளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு முகத்துக்கு நேராகச் சொன்னேன், அத்தனை பெரிய மனிதர்களும் எழுந்து நின்றார்கள், அவனும் வேறு வழியில்லாமல் கை தட்டினான் என்று. இனி ஏதாவது நடக்கும் என்று நம்பினார். இரண்டு நாளுக்கு ஒருமுறை போன் செய்தார். "ஏதாச்சும் தெரிஞ்சுதா அண்ணாச்சி? அந்த விழா நடத்துன அம்மா ஒங்ககிட்ட பேசினாவளா?" ஒவ்வொரு முறையும் "பாக்கலாம்" என்றேன். ஆபீஸில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தேன். வீட்டில் மனைவி, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் அவரே கூப்பிட்டார். "பட்டறைல ஒருத்தன் இங்கிலீஷ் பேப்பர்ல எம்படத்தப் பாத்தேன்னு கொண்டாந்து குடுத்தான். நீங்க வந்து படிச்சுச் சொல்லுங்க. இங்க எல்லாரும் கேக்கணும்ங்காவ."

போனேன். கீழ்த்தளத்தில், சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில் பாய் விரித்து பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மகள் லிஃப்ட் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றாள். பேப்பர் எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. பையைத் தூக்கிப் பிடித்தபடி அவர் நிற்கும் படம். அதன் கீழே, நான் சொன்ன அந்த வாக்கியம், மேற்கோள் குறிக்குள், அவர் சொன்னதாக.

மகள் என்னைப் பார்த்தாள். இன்னொரு முறையும் நான் வேறு எதையாவது படித்திருக்கலாம். அவளைத் தவிர அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. அவளும் பேசியிருக்கமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அது வரைக்கும் நான் யோசித்தேன் என்பது உண்மை.

எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே தமிழில் சொன்னேன்.

ஒரு பெண், "பை தைக்கியத பத்தியா பேசின?" என்று அவரைக் கேட்டாள்.

"நான் எங்க பையப் பத்திப் பேசினேன்? எலய பத்தில்லா பேசினேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "பேப்பர்க்காரன் மாத்திட்டானா?"

"இல்லைங்க. நான்தான் அங்க அப்படிச் சொன்னேன். நீங்க சொன்னதை நான் சொல்லலை."

அவருக்கு அது உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அவிய எதுக்குக் கைதட்டினாவ?" என்பதுதான்.

"நான் சொன்னதுக்கு."

"அவன்?"

"அவனும் அதுக்குத்தான்."

அவர் பேப்பரைக் கையில் வாங்கிப் படத்தைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டது அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். முகம் சிவந்து, காதுவரைக்கும் சிவந்தது. அத்தனை பேர் முன்னால் கூனிக் குறுகிப்போனவர் அவர்தான், நான் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைவிட மோசமான ஒரு நேரம் என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

"எதுக்கு ஸார்?" என்றார்.

"பயந்துட்டேன்."

"ஒங்களுக்கு என்ன பயம்? ஒங்க வீட்டையா இடிக்கப் போறான்?"

என் புத்தகம் ஆங்கிலத்தில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் பதில். அந்தப் பெண்கள் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. மன்னிச்சுக்குங்க என்றேன். அவர் பக்கத்திலிருந்த பெண்ணிடம், "ஸாருக்குத் தண்ணி குடு" என்றார். தண்ணீர் வந்தது, குடித்துவிட்டு எழுந்தேன்.

அன்றைக்கே விழா நடத்திய பெண்மணிக்கு மெயில் எழுதினேன். அந்த அம்மா சொன்னது என்ன, நான் சொன்னது என்ன, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, விழாவின் வீடியோ வரும்போது சரியான மொழிபெயர்ப்பைப் போடவேண்டும் என்று கேட்டேன். அவர் மறுநாளே போன் செய்தார். ரொம்ப அன்பாகப் பேசினார். உங்கள் நேர்மை பெரிய விஷயம், கண்டிப்பாகக் கவனிக்கிறோம் என்றார். ஒரு மாதம் கழித்து வீடியோ வந்தது. சோறு வடித்த கதைக்குப் பின் நேராகக் கைதட்டலுக்குப் போனது. நடுவில் பையும் இல்லை, இலையும் இல்லை, என் பொய்யும் இல்லை. நேரம் கருதிச் சுருக்கினோம் என்றார். மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

கதைகளை அனுப்பியிருந்த பதிப்பாசிரியரிடமிருந்து பதில் வந்தது. ஒப்பந்தமும் வந்தது. மேஜை டிராயரில் பத்து நாள் வைத்திருந்தேன். அந்தப் பத்து நாளும், கையெழுத்துப் போடாமல் இருப்பதால் அந்த அம்மாவுக்கு என்ன லாபம் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். ஒரு லாபமும் இல்லை என்பது சரியான பதில்தான். கையெழுத்துப் போட்டேன். புத்தகம் வந்துவிட்டது. அட்டை நன்றாக இருக்கிறது என்கிறார்கள். வந்த பிரதிகள் கட்டுப் பிரிக்காமல் பரண் மேல் கிடக்கின்றன.

மழைக்காலம் தொடங்கும் முன், கேம்ப்பில் ஒரு கூட்டம் நடப்பதாகக் கேள்விப்பட்டேன். வீட்டு வசதித் துறை அதிகாரி ஒருவரும் கம்பெனி ஆளும் வருகிறார்கள். எனக்கு போன் வரவில்லை. நானே போன் செய்து, "நான் வரலாமா?" என்று கேட்டேன்.

"எம்பிள்ளதான் பேசப் போறா. நீங்க வேணும்னா வந்து இருங்க" என்றார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்குத் தமிழ் திக்கியது, ஆங்கிலமும் இடையிடையே இந்தியாக வழுக்கியது. ஆனால் ஒன்றையும் விடவில்லை. அம்மா கோபத்தில் ஒரு வசவை உதிர்த்தபோது திகைத்து நின்றாள், பிறகு குனிந்துகொண்டே அதையும் சொன்னாள். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்பெனி ஆள் பேனாவை மூடி வைத்தார். ஐந்து மாதத்துக்கு முன்னால் நான் பார்த்திருக்க வேண்டிய முகங்கள் அவை.

நடுவில் அதிகாரி நீளமாக ஏதோ ஒரு சட்ட வாக்கியம் சொன்னார். பெண் விழித்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அர்த்தம் தெரியும். கையைத் தூக்கி, "வீட்டுக்குத் தேதி குடுக்கறார், ஆனா அந்தத் தேதிக்குத் தான் பொறுப்பில்லைன்னு சொல்றார்" என்றேன்.

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. மகளிடம், "அப்படியாட்டி சொல்லுதான்?" என்று கேட்டார்.

அவள் அதிகாரியிடம் அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொன்னாள். உதட்டை அசைத்து ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். பிறகு, "ஆமா மம்மி, அதுதான்" என்றாள். அதற்கப்புறம்தான் அவர் மேலே பேசினார். பொறுப்பு ஏற்றுக்கொள்கிற தேதியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தராமல் யாரும் கேட்டைத் தாண்டக்கூடாது என்றார். மகள் அதைச் சொன்னாள். பெண்கள் எழுந்து போய் கேட் பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தத் தேதிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. புதுக் கட்டடம் நாலாவது மாடி வரைக்கும் வந்திருக்கிறது என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை.